சிங்க் போடும் 'களக் களக்' சத்தத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு



மழைக்காலம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள்: "சார், பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் சமையலறை சிங்க் களக் களக்கென்று சத்தம் போடுகிறது. ஏன் சார்?" பிளம்பரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று வாத்தியாரிடம் கேட்கலாமா என்று சிரிக்காதீர்கள். இந்தச் சத்தத்துக்குள் ஒரு வரலாறு இருக்கிறது, பல உயிர்களும் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். வாய் குறுகிய சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் சீராக வராது, குளுக் குளுக்கென்று விட்டு விட்டு வரும். வெளியே போகும் தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே நுழைகிறது, அந்தச் சத்தம்தான் அது. சாக்கடைக் குழாயிலும் இதே கதை. சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்திருக்கிறதே, அதற்குப் பெயர் ட்ராப். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடையின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். குழாய்க்குள் காற்று சரியாகப் போய்வர வழியில்லாவிட்டால், அது இந்தத் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போகும். அதைத்தான் நாம் களக் களக் என்று கேட்கிறோம்.

வடிகால் கட்டும் கலை நமக்குப் புதிதல்ல. மொகஞ்சதாரோவில் வீட்டுத் தண்ணீர் செங்கல் வாய்க்கால் வழியாகத் தெருவின் மூடிய வடிகாலில் போய்ச் சேர்ந்ததை வகுப்பில் படித்திருக்கிறீர்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் வளைந்த குழாயோ 1775-இல் காப்புரிமை பெற்றது. பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங், லண்டனில் கடிகாரம் செய்துவந்தவர். கழிப்பறைக் குழாயை ஆங்கில 'எஸ்' எழுத்துபோல வளைத்து, அதில் தண்ணீரை நிறுத்தினார். அவ்வளவுதான், பெரிய எந்திரம் எதுவும் இல்லை.

வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது, ஆனால் ஊருக்குக் கேடு வந்தது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகள் பெருகப் பெருக, லண்டனின் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. 1858 கோடையில் எழுந்த நாற்றத்தில் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் தங்கள் மூக்கை எட்டிய பிறகுதான் உறுப்பினர்கள் பணம் ஒதுக்கினார்கள். பொறியாளர் ஜோசப் பேசல்கெட் சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். நாற்றமே நோய் தரும் என்று அன்று பலர் நம்பினார்கள். காலரா குடிநீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ 1854-லேயே காட்டியும் பலர் ஏற்கவில்லை. 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, புதிய சாக்கடைப் பணி முடியாத கிழக்கு லண்டனில்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஊர் முழுக்க ஒரே சாக்கடையில் இணைந்தால் ஊர்க் காற்றும் ஒவ்வொரு வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஒரு குழாயில் வேகமாக ஓடும் தண்ணீர் பக்கத்து ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும் என்பதும் புரிந்தது. அதற்காக வந்ததுதான் மொட்டைமாடி வரை போகும் வென்ட் பைப். பறவை கூடு கட்டுகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நம்மவர்கள் மூடி போட்டு அடைப்பது அதைத்தான். வீடு மூச்சுவிடும் மூக்கு அது.

'கொஞ்சம் தண்ணீர்தானே' என்று நினைப்பவர்கள் 2003-ஐ நினைத்துப் பாருங்கள். ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது, 42 பேர் இறந்தார்கள். பல வீடுகளின் குளியலறைத் தரையில் இருந்த ட்ராப்புகள் வறண்டுபோயிருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் ட்ராப்பில் தண்ணீர் நிற்கவில்லை. குளியலறை மின்விசிறி சாக்கடைக் குழாயின் காற்றை உள்ளே இழுத்தது, அதோடு கிருமியும் வந்தது.

நம் வீட்டுக்கு வருவோம். ஒரே ஒரு சிங்க் மட்டும் சத்தம் போட்டால் அடைப்பு அநேகமாக அந்தக் குழாயில். எல்லா இடத்திலும் சத்தம் வந்தால், அல்லது மாடியில் தண்ணீர் விட்டால் கீழ்த்தளக் குளியலறையில் பொங்கி வந்தால், கோளாறு பிரதானக் குழாயில். தெருச் சாக்கடையில் மழைநீர் புகுந்து நிரம்பினாலும் இப்படி ஆகும். இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. அடைப்பு என்றதும் நம் வாயில் முதலில் வருவது, "ஆளைக் கூப்பிட்டு இறக்கு."

குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் உடைய வாயு, காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் சாய்வார். அவரைத் தூக்கப் போனவரும் சாய்வார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வருவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வீட்டுக்காரரையும் இது கட்டுப்படுத்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை கூடியது, சாவு நிற்கவில்லை. இறங்குபவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். பயன்படுத்தாத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வென்ட் பைப்பை அடைக்காதீர்கள், வலை மட்டும் கட்டுங்கள். எண்ணெய், சோறு, நாப்கின் எதையும் குழாயில் தள்ளாதீர்கள். பிரதானக் குழாய் அடைத்தால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ புகார் கொடுத்து இயந்திர வண்டிக்குக் காத்திருங்கள். இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மனிதரை இறக்கிவிட்டு மேலே நின்று எட்டிப் பார்ப்பதை மட்டும், என்னிடம் படித்த எவரும் செய்யக் கூடாது.