சுவரைப் பிடித்திருந்த தாள்

லண்டனில் நாங்கள் வாங்கிய விக்டோரியா காலத்து வீட்டில் முன்னறையைப் புதுப்பிக்கும் வேலையைப் போன மாதம் தொடங்கினேன். சுவர் முழுக்கப் புடைப்புப் பூவேலை செய்த கனமான தாள். அதற்கு மேல் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தார்களோ, பூவெல்லாம் மழுங்கிக் கிடந்தது. ஒரு நாள் வேலைன்னு நினைச்சேன். மூணு வாரக் கடைசியை விழுங்கிடுச்சு.

சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தபோதுதான், இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஆரம்பப் புள்ளி ஃபிரெடரிக் வால்டன். தரைக்கு லினோலியம் கண்டுபிடித்தாரே, அதே ஆள்தான். ஆளிவிதை எண்ணெயைக் காற்றுபடச் செய்து கெட்டியாக்கி, மரத்தூள் போன்றவற்றைக் கலந்து, உருளைகளில் அழுத்திப் புடைப்பு வேலை செய்தார். 1877இல் அது லின்க்ரஸ்டா என்ற பெயரில் சுவருக்கு ஏறியது. செதுக்கிய மரம், சுதை வேலை, தோல் வேலை எல்லாவற்றின் சாயலும் குறைந்த செலவில் கிடைத்தது. கழுவவும் முடியும். ஆனால் கனம் அதிகம், வளையாது.

வால்டனின் லண்டன் விற்பனைக் கூடத்தைக் கவனித்துவந்த தாமஸ் பால்மர் இதற்கு ஒரு மாற்று யோசித்தார். பருத்தி நார்க்கூழில் செய்த லேசான தாள். 1887இல் அனக்லிப்டா என்று சந்தைக்கு வந்தது. விலையும் குறைவு. பெரிய மாளிகைகளின் அலங்காரம் சாதாரண வீட்டு நடைக்கும் கூரைக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதை உரிப்பது ஏன் இவ்வளவு பாடு? பெயிண்ட் அடிப்பதற்காகவே செய்த தாள் இது. அடுத்தடுத்த தலைமுறைகள் அடித்த பெயிண்ட், தண்ணீரும் நீராவியும் உள்ளே போகாத ஓடாகிவிடுகிறது. முதலில் கீறணும், அப்புறம்தான் ஸ்டீமர்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, சோதனைக் குச்சியை வைத்துப் பார்த்தேன். சிவந்தது. ஈயம்! பிரிட்டனில் ஈயப் பெயிண்டைப் பொதுமக்களுக்கு விற்பது 1992இல்தான் நின்றது. தேய்த்திருந்தால் அந்தத் தூசி எங்கள் மூணு வயசுப் பெண்ணின் விளையாட்டுச் சாமான்மேல் படிந்திருக்கும். கூரையில் சீப்பு வைத்து இழுத்ததுபோல் வரிவரியாகப் பூச்சு இருந்தால் அதையும் சோதிக்காமல் தொடாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது உண்டு. அதற்கு இங்கே முழுத்தடை வந்தது 1999இல்.

அதன்பின் எல்லாம் ஈரத்திலேயே. மகளை அந்தப் பக்கம் விடவில்லை. மூன்றாவது சுவரில் தாளோடு சேர்ந்து சுண்ணாம்புப் பூச்சும் பாளமாகக் கையோடு வந்தது. உள்ளே மாட்டு மயிர், அதற்குப் பின்னால் மெல்லிய மரப்பட்டிகள். பூச்சு எப்போதோ பிடிப்பு விட்டிருக்கிறது. அதைத் தாங்கி நின்றது இந்தத் தாள்தான்! யாரோ ஒருவர் விரிசலை மறைக்க ஒட்டியது, வீட்டையே கட்டிப் பிடித்திருந்திருக்கிறது.

"மிச்சத்தையாவது விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. நடையிலும் இதே தாள்தான். தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. ஈயம் உரியாமல், உடையாமல் இருக்கும்வரை மூடி வைப்பதே பாதுகாப்பு. அதனால் அதைத் தொடவில்லை. மேலே இன்னொரு கோட் அடித்தாச்சு.

அடுத்து வருகிறவர் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.