தாம்பரத்துச் சட்டாம்பிள்ளைகள்

நிரல் எழுதக் கற்க வருகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு வெட்கத்தைச் சந்தித்துவிடுகிறார். எங்கோ ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும். கணினி ஆங்கிலத்தில் ஏதோ பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும். அதை நான்கு முறை படித்தும் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் மளமளவென்று தட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தோடு திரும்பிப் போய்விட்டவர்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

தமிழ்நாட்டின் மென்பொருள் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பொதுவாகக் கட்டடங்களைப் பேசுவார்கள். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், 2000இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக முளைத்த கண்ணாடி மாளிகைகள். இவையெல்லாம் முக்கியமானவைதான். ஆனால் தென்சென்னைப் புறநகருக்குக் கட்டடம் இல்லாத இன்னொரு வரலாறும் உண்டு. தயங்கி நின்ற புதியவரின் கேள்விக்குச் சம்பளம் வாங்காமல் பதில் சொன்னவர்களின் வரலாறு அது. அதைச் சொல்ல இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால், எழும்பூரிலிருந்து தொடங்குவது நல்லது.

*

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. ஆசிரியர்கள் குறைவு, இருந்தவர்களுக்கும் ஆர்வம் குறைவு. ஒருநாள் பெல், திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் விடுதியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். பெல் வேறொன்று செய்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே தன் சோதனையைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் முழுவதும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது. நமக்கு இதில் புதுமை ஏதுமில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் எப்போதும் இருந்தான். நேற்றுக் கற்றதை இன்று அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன்.

இந்த முறையின் பலம் எளிமையானது. பல படிகள் மேலே ஏறிவிட்டவருக்குக் கீழ்ப்படியில் என்ன வழுக்கியது என்பது மறந்துபோகிறது. ஒரு படி மட்டும் முன்னால் நிற்பவருக்கு அந்த வழுக்கல் காலிலேயே இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது, திண்ணையில் ஏற முடியாத சாதிகளும் இருந்தன என்பதை மறந்துவிட்டு இதைப் புகழ்வது சரியாகாது. ஒரு படி முன்னால் நிற்பவர் கை கொடுக்கிறாரா, கதவை அடைக்கிறாரா என்ற கேள்வி அன்றே இருந்தது. பின்னால் வந்த கணினிக் குழுக்களும் அதே கேள்வியைத்தான் எதிர்கொண்டன.

*

குரோம் தோல் நிறுவனத்தால் பெயர்பெற்ற குரோம்பேட்டையில், 1949இல் சி. ராஜம் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். ஐம்பதுகளில் அங்கே படித்தவர்களில் அப்துல் கலாமும் சுஜாதாவும் உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு சுஜாதாவைக் கதைகள் வழியாகத் தெரியும். ஆனால் ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்கு அவர் எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ தொடரை இந்த வரலாற்றின் தமிழ் முன்னோடி என்று சொல்லலாம். எவ்வளவு எளிய கேள்வியானாலும் கேட்டவரைச் சிறுமைப்படுத்தாமல் பதில் சொல்லும் ஒரு குரலை அவர் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் அம்பலம் இணைய இதழை நடத்தியபோது வாசகர்களோடு அரட்டையிலும் அமர்ந்தார்.

அரட்டைக்கான கருவி வேறோர் ஊரிலிருந்து வந்தது. 1988இல் ஃபின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஒய்க்காரினென் என்ற மாணவர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து அதே நாட்டின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இன்னொரு மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ். இந்த இரண்டும் சேர்ந்தபோது உலகின் பல நகரங்களில் ஒரு புதுவகைக் கூட்டம் பிறந்தது. அதில் இருந்தவர்கள் முகம் தெரியாதவர்கள், ஆனால் ஒருவர் நிரலை இன்னொருவர் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சந்தேகம் கேட்கலாம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழியாக வந்தது. தொலைபேசிக் கம்பியில், மணிக்கணக்கு பார்த்துப் பயன்படுத்த வேண்டிய இணையம். 1998 ஜனவரியில் சென்னையின் லினக்ஸ் பயனர் குழு தொடங்கியது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தின் விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் கூடுவது அதன் வழக்கமாயிற்று. தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு, 1931 முதல் ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயிலில் கிண்டி வரை ஒரு பயணம், பிறகு ஒரு பேருந்து.

அன்றைய இணைய வேகத்தில் லினக்ஸைத் தரவிறக்கம் செய்வது நடக்கிற காரியமல்ல. பிசி குவெஸ்ட் போன்ற இதழ்கள் அதைக் குறுந்தகட்டில் கொடுத்தன. ஒருவர் வாங்கியதைப் பலர் படியெடுத்தார்கள். 2005 முதல் 2011 வரை உபுண்டு திட்டம் கேட்டவர் வீட்டுக்கே குறுந்தகடுகளை இலவசமாக அனுப்பியது. தகடு கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். வன்தட்டைப் பிரிக்கும்போது தவறான விசையைத் தட்டினால் வீட்டிலிருந்த கோப்புகள் எல்லாம் அழிந்துபோகும். மோடம் பேசாது. ஒலி வராது. அந்த நேரத்தில் ‘இங்கே என்ன தட்டுவது’ என்று கேட்க ஓர் ஆள் தேவை.

2005இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலிருந்த ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தை ஓர் இருக்கையாகக் கொண்டு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. தொண்டர்கள் செய்துவந்த வேலைக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது என்று இதைக் கொள்ளலாம். தென்புறநகரின் ரயில் பாதை ஓரமாகவே கல்லூரி, ஆய்வகம், பயனர் குழு எல்லாம் அமைந்துவிட்டன.

*

ஆனால் அந்தக் காலத்து லினக்ஸ் உலகம் புதியவர்களை எப்போதும் இன்முகத்தோடு வரவேற்றது என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்டவருக்கு ‘ஆர்.டி.எஃப்.எம்.’ என்ற நான்கெழுத்துப் பதில் வருவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. கையேட்டைப் படி என்பதன் கெட்டவார்த்தை கலந்த சுருக்கம் அது. 2001இல் எரிக் ரேமண்ட், அறிவார்ந்த முறையில் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட வழிகாட்டியே எழுதினார். முதலில் நீயே தேடு, என்ன முயன்றாய் என்று சொல், பிழைச்செய்தியை அப்படியே கொடு என்பவை அதன் அறிவுரைகள். எல்லாமே நியாயமானவை. ஒரே கேள்விக்கு ஐம்பதாவது முறை பதில் எழுதுகிறவரின் களைப்பும் நியாயமானதே.

இருந்தும், இந்த நியாயத்துக்கு ஒரு விலை உண்டு. பிழைச்செய்தியை அப்படியே கொடுக்க வேண்டும் என்றால் எது பிழைச்செய்தி என்று தெரிந்திருக்க வேண்டும். கையேட்டைப் படிக்க வேண்டும் என்றால் ஆங்கிலம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, ஜி.எஸ்.டி. சாலையின் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்த மாணவருக்கு இரண்டு படிகள் ஒரே சமயத்தில் வழுக்கின. மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய மாணவிக்கு சனிக்கிழமைக் கூட்டமும் எட்டாது. அவர்கள் கேள்விகள் எழுதப்படாமலே போயின. விளிப்பதில்கூட ஒரு சங்கடம் இருந்தது. மாணவர் ‘சார்’ என்று தொடங்குவார், குழுவோ பெயர் சொல்லி அழைக்கச் சொல்லும். பெயர் சொல்ல நா எழாமல் கடைசியில் ‘அண்ணா’வில் வந்து நிற்பார்கள். அந்த ‘அண்ணா’ வந்த பிறகுதான் பல கேள்விகளும் வந்தன.

*

2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் ‘கணியம்’ என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குவது அதன் நோக்கம். யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தில் எல்லாம் வெளியாயின. அதில் தொடராக வந்து பின்னர் மின்னூலானவற்றில் து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ குறிப்பிடத்தக்கது. ‘எளிய தமிழில்’ என்ற அந்த இரு சொற்கள் ஒரு வரிசையின் பெயராகவே ஆகிவிட்டன. முன்னுரைகளில் காணும் பேரறிஞர் குரல் அவற்றில் இல்லை. தான் கற்றுக்கொண்டதை அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவைத்த சட்டாம்பிள்ளைகளின் குரலே இருக்கிறது.

இதே வட்டத்தோடு நெருக்கமானது காஞ்சி லினக்ஸ் பயனர் குழு. அதன் பெயரைக் கேட்டு யாரும் பட்டுச்சேலை ஊரை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டம் மாறியது, 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று, குழுவின் பெயர் அப்படியே நிற்கிறது. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் அதன் ஞாயிறு மாலைக் கூடல்கள் இணையவழியில், தமிழில் நடந்துவந்திருக்கின்றன. தெரிந்தவர் தெரியாதவர் என்ற வரிசை அங்கே இல்லை. ஒருவர் இந்த வாரம் என்ன படித்தேன் என்று சொல்வார், இன்னொருவர் தன் கணினியில் எது உடைந்தது என்று சொல்வார்.

மொழிப் படியை வேறு விதமாகக் கடக்க முயன்றவர் முத்தையா அண்ணாமலை. 2009இல் அவர் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகப்படுத்திய ‘எழில்’, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் மொழி. திரையில் காட்டு என்பதற்கு ‘பதிப்பி’. நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு ‘ஆனால்’ என்று முடிக்க வேண்டும். மழை வந்தால் என்று நாம் பேசும் வரிசை அது. எழிலில் யாரும் வங்கி மென்பொருள் எழுதப்போவதில்லை. ஆனால் முதல் வாரத்து வெட்கத்தில் பாதி அயல்மொழியால் வந்தது என்பதை அது குழந்தைகளுக்குக் காட்டிவிடுகிறது.

*

இந்தக் குழுக்களைப் பற்றி வெளியாட்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. ‘பாதி நேரம் அரட்டைதானே அடிக்கிறார்கள்’ என்பார்கள். உண்மைதான். நிரலைப் பற்றிய பேச்சு எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதில் போய் முடியும். முடிச்சூரில் தண்ணீர் வடிந்ததா என்ற விசாரிப்பிலிருந்து வழங்கிகளைப் பற்றிய பேச்சு தொடங்கும். தமிழில் அரட்டை என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக வேலையற்றவன் தொழில் என்ற வாடை இருந்தது. கூடுவாஞ்சேரி அருகே பெரிய வளாகம் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2021இல் தன் செய்திச் செயலிக்கு அந்தப் பெயரையே சூட்டிய பிறகு வாடை கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

அரட்டை இல்லாத இடத்தில் புதியவர் கேள்வி கேட்பதில்லை. நேற்றிரவு தன் கணினியைத் தானே கெடுத்துக்கொண்ட கதையை மூத்தவர் சிரித்தபடி சொல்லும்போது புதியவரின் வெட்கம் பாதி கரைந்துவிடுகிறது. இவருக்கும் தவறும் என்பது தெரிந்த பிறகு, இவரிடம் கேட்கலாம் என்பது தானாக வரும். 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், அரட்டையைக் களைந்து கேள்வியையும் பதிலையும் மட்டும் நிறுத்தி மாபெரும் களஞ்சியத்தைக் கட்டியது. பத்தாண்டுகள் கழித்து, புதியவர்களுக்குத் தங்கள் தளம் இதமாக இல்லை என்று அதன் நிர்வாகமே எழுத வேண்டியிருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று இரவு இரண்டு மணிக்கும் சலிக்காமல், திட்டாமல், தமிழிலும் பதில் சொல்ல ஓர் இயந்திரம் இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. திட்டு வாங்கித் திரும்பிப் போன பழைய மாணவரை நினைத்தால், இது நல்லதல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இயந்திரம் கற்ற பாடங்களில் பெரும்பகுதி, முன்பின் தெரியாத ஒருவருக்காக யாரோ ஒருவர் இலவசமாக எழுதிய பதில்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பெல் எழும்பூரில் கண்டதில் ஒரு பாதியைத்தான் நாம் இதுவரை பேசினோம். அரிச்சுவடி வகுப்பில் கற்றவர்கள் சின்னப் பிள்ளைகள் மட்டுமல்லர், சொல்லிக்கொடுத்த ஃபிரிஸ்கெனும் கற்றான். பிறருக்கு விளக்க முனைந்தபோதுதான் தனக்கு எது தெரியாது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். ‘எளிய தமிழில்’ எழுதியவர்களும் ஞாயிறு மாலைகளில் பதில் சொன்னவர்களும் அப்படி வளர்ந்தவர்களே. புதியவர்களின் எல்லாக் கேள்விகளும் இயந்திரத்திடம் போய்விட்டால், கேட்கிறவருக்கு இழப்பு குறைவாக இருக்கலாம். பதில் சொல்லிப் பழக வேண்டிய அந்த எட்டு வயதுப் பையனுக்கு வகுப்பே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் இன்னும் கூடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கணினி முன் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தால் அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம், அதே கேள்வியோடு வருகிறவருக்குப் பதில் சொல்லவும் சொல்லுங்கள்.