தேதியில்லாத கேலிச் சித்திரங்கள்

1987 மார்ச் இறுதியில் வந்த ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் ஜேப்படிக்காரன் மாதிரி தெரிபவர் எம்.எல்.ஏ.; முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி தெரிபவர் மந்திரி. யார் பெயரும் இல்லை, கட்சியும் இல்லை. ஆனாலும் தமிழகச் சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று தீர்மானித்தது. பத்திரிகை உலகம் திரண்டு எதிர்த்ததால் சில நாட்களிலேயே அவர் வெளியே வந்தார். பிறகு வழக்குப் போட்டு வென்று, அடையாளத்துக்கு 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

இதை இத்தனை விவரமாகச் சொல்ல முடிகிறதென்றால், அது அச்சில் வந்ததால்தான். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் வெளியிட்ட கருத்துப்படங்களையும் ஆய்வாளர்கள் இன்று தேதிவாரியாகப் புரட்டுகிறார்கள். அந்தக் கருத்துப்படத்தின் நேர் வாரிசுதான் மீம். ஆனால் வரைந்தவர் பெயரும் கிடையாது, வெளியான நாளும் கிடையாது.

ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் பரவிய காலத்தில் வளர்ந்த தமிழ் மீமுக்கு ஓவியர் தேவைப்படவில்லை, நகைச்சுவை நடிகர் வடிவேலு போதும். அடி வாங்கிக்கொண்டே வீறாப்பு பேசும் அவரது கைப்புள்ளை பாத்திரத்தின் முகத்தில் தோற்ற வேட்பாளரைப் பார்க்கலாம், பெட்ரோல் விலை கேட்டு மயங்கும் சாமானியனையும் பார்க்கலாம். 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்த பிறகு வடிவேலுவுக்குப் பல ஆண்டுகள் படங்கள் குறைந்தன. திரையில் அவர் அதிகம் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் எல்லாக் கட்சிக்காரர்களின் செல்போனிலும் அவர் முகம் இருந்தது.

2017 மீம்களின் உச்சம். பிப்ரவரி 7 இரவு, ராஜினாமா செய்திருந்த முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் கண்மூடி அமர்ந்தார், அடுத்து அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதிக்குப் போனார்கள். செய்தித்தாள் மறுநாள் காலைதான் வரும். மீம் சில நிமிடங்களில் வந்தது. ஏப்ரலில் வைகை அணை. நீர் ஆவியாவதைத் தடுக்க, டேப் ஒட்டி இணைத்த தெர்மாகோல் அட்டைகளை அமைச்சர் செல்லூர் ராஜு தண்ணீரில் மிதக்கவிட்டார். காற்று அத்தனையையும் கரைக்கே தள்ளிவிட்டது. வறட்சி காலத்தில் அரசு என்ன செய்தது என்று கேட்டால், இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெள்ளை அட்டைதான். எந்தத் தலையங்கமும் அப்படித் தங்கவில்லை.

2019 மே மாதம், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் சுத்தியலால் அடிபட்ட வடிவேலுவின் பாத்திரமான கான்ட்ராக்டர் நேசமணி நலம்பெற வேண்டி ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. மோடி இரண்டாம் முறை பதவியேற்கவிருந்த வேளையில் அது உலக அளவில் ட்ரெண்ட் ஆனது.

தமிழர் கணிசமாக வாழும் அந்தமானுக்கு இந்தச் சிரிப்பு தாமதமாகத்தான் வந்தது. தீவுகள் வெகுகாலம் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. ஒரு படம் இறங்கவே காத்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது.

கேலியைத் தண்டிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இணையத்தில் எழுதியவர்களைப் பிடிக்க உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றி வரைந்ததற்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில், பிரதமரை விலங்கோடு காட்டிய ஒரு கேலிச் சித்திரத்தை ஒட்டி விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பெயர் தெரிந்தவர்களுக்குப் பத்திரிகையும் நீதிமன்றமும் துணைக்கு வந்தன. பெயரில்லாத மீம் கிரியேட்டருக்கு யார் வருவார்? அவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதை அரசுகள் ஏற்க வேண்டும்.

இன்னொன்று வாசகர்கள் கையில் இருக்கிறது. செல்போனில் இடமில்லை என்று மீம்களை மொத்தமாக அழிக்கிறோம். அழிக்குமுன் நல்லதாகச் சிலவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, எந்த நாள், எந்தச் சம்பவம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 2017-ஐப் பற்றி நாளை எழுதப்போகிறவருக்கு அது சட்டமன்ற அவைக்குறிப்புக்குச் சமமான சான்று.