மூன்று அடுக்குக்குள் ஒரு பின்கோடு

ஹாஸ்கல் என்றாலே வெளியில் இருப்பவர்களுக்கு மோனாடு பயம். அந்த மொழியில் எழுதிச் சம்பளம் வாங்கும் எங்களுக்கு அது என்றோ பழகிவிட்டது. நாங்கள் புலம்புவது ரெக்கார்டைப் பற்றி. ஒரு டைப்புக்குள் இருக்கும் ஃபீல்டை எடுப்பதும் மாற்றுவதும் மற்ற மொழிகளில் முதல் வாரமே தாண்டிப்போகிற விஷயம். இங்கே அது முப்பது வருஷ வழக்கு.

1987-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில், தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் ‘சோம்பேறி’ மொழியை ஆளுக்கொன்றாக வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஒன்று வேண்டும் என்று கமிட்டி போட்டார்கள். 1990-இல் ஹாஸ்கலின் முதல் அறிக்கை வந்தது. அதில் ஃபீல்டுக்குப் பெயரே கிடையாது. எத்தனையாவது இடம் என்பதுதான் அடையாளம். ஏழெட்டு ஃபீல்டு உள்ள டைப் என்றால் எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். 1996-இல் வந்த 1.3 பதிப்பில்தான் பெயர் வைக்க வழி பிறந்தது.

வைத்த விதம்தான் வினை. ஒவ்வொரு ஃபீல்டின் பெயரும் அந்த மாட்யூலில் ஒரு சாதாரண ஃபங்ஷன் ஆகிவிடும். வாடிக்கையாளருக்கு ‘பெயர்’ என்று ஃபீல்டு வைத்துவிட்டால் அதே மாட்யூலில் பொருளுக்கு ‘பெயர்’ வைக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷனா என்று கம்பைலர் நிறுத்திவிடும். அதனால் டைப்பின் பெயரை ஃபீல்டுக்கு முன்னால் ஒட்டும் வழக்கம் வந்தது: வாடிக்கையாளர்பெயர், பொருள்பெயர், கிடங்குபெயர். பழைய கோடைத் திறந்தால் இன்றைக்கும் இந்த நீளப் பெயர்கள்தான் வரிசையாக நிற்கும்.

இதெல்லாம் வெறும் எரிச்சல். உண்மையான வேதனை மாற்றும்போதுதான் தெரியும். ஓர் ஆர்டர் இருக்கிறது. அதற்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, முகவரிக்குள் பின்கோடு. அவர் மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வீடு மாறிவிட்டார். 600004 என்பதை 600028 ஆக்க வேண்டும். ஹாஸ்கலில் ஒரு ரெக்கார்டை இருந்த இடத்திலேயே அழித்து எழுத முடியாது. புதுப் பின்கோடு வைத்துப் புது முகவரி, அதை வைத்துப் புது வாடிக்கையாளர், அவரை வைத்துப் புது ஆர்டர் என்று உள்ளிருந்து வெளியே கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ஒற்றை வரியில் ‘வாடிக்கையாளர்’ 3 முறை வரும், ‘முகவரி’ 2 முறை, ‘பின்கோடு’ 1 முறை. கடைசியில் 3 நெளிவு அடைப்புக்குறிகளை மூட வேண்டும். இன்னோர் அடுக்கு சேர்ந்தால் 4, 3, 2, 1. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இந்த வரியைப் பார்த்துவிட்டு, “அண்ணா, ஜாவாவுல ஒரு புள்ளி வெச்சா முடிஞ்சிடுமே?” என்றார். நியாயமான கேள்வி.

அது யாருக்கும் தோன்றாமல் இல்லை. 1999-லேயே மார்க் ஜோன்ஸும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் விரிக்கக்கூடிய ரெக்கார்டுகளுக்கு ஒரு திட்டம் எழுதினார்கள். அது ஜிஹெச்சி கம்பைலருக்குள் வரவே இல்லை. அரைகுறையாக ஒன்றைச் சேர்ப்பதைவிடச் சும்மா இருப்பது மேல் என்பது ஹாஸ்கல்காரர்களின் குணம். கொள்கை சரிதான், அதற்குக் கப்பம் கட்டியவர்கள் பின்கோடு மாற்றுகிறவர்கள்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ், நேட் ஃபாஸ்டர் முதலியோர் ஹார்மனி என்றொரு திட்டத்தில் இருந்தார்கள். இரண்டு பிரவுசர் வைத்திருப்பவர் ஒன்றில் சேர்த்த புக்மார்க் மற்றதிலும் தெரிய வேண்டும், ஆனால் இரண்டும் சேமிக்கும் வடிவம் வேறு வேறு. இந்த மாதிரிச் சிக்கல்தான் அவர்களுடைய வேலை. பெரிய தரவில் ஒரு பகுதியைக் காட்ட வேண்டும், அந்தப் பகுதியில் செய்த திருத்தம் மூலத்துக்கே திரும்பிப் போகவும் வேண்டும். டேட்டாபேஸ்காரர்கள் 1980-களிலேயே மோதிப் பார்த்த கேள்வி இது. 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இருவழிப் பாதைக்கு லென்ஸ் என்று பெயர் வைத்து விதிகளும் எழுதினார்கள். எடுத்ததை அப்படியே திருப்பி வைத்தால் எதுவும் மாறக் கூடாது. வைத்த பிறகு எடுத்துப் பார்த்தால் வைத்ததே வர வேண்டும்.

ஹாஸ்கல் பக்கம் இந்த யோசனை எடுக்கும் ஃபங்ஷன் ஒன்று, வைக்கும் ஃபங்ஷன் ஒன்று என்று ஜோடியாகச் சில லைப்ரரிகளில் வந்தது. 2009-இல் ட்வான் வான் லார்ஹோவன் அந்த ஜோடியை ஒரே ஃபங்ஷனாக மடித்தார். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உள்ளே இருக்கும் ஃபீல்டை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், அதே வேலையை முழு ரெக்கார்டின் மேல் செய்யும் ஃபங்ஷன் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஒரு ஃபங்டர், அதாவது மதிப்பைப் பொதிந்து வைக்கும் ஓர் உறை, நிற்கும். கண்டதை மட்டும் சுமந்துவரும் கான்ஸ்ட் ஃபங்டரைக் கொடுத்தால் லென்ஸ் எடுத்துத் தரும். ஐடென்டிட்டியைக் கொடுத்தால் மாற்றும். வெளியுலகோடு பேசும் ஐஓவைக் கொடுத்தால் டேட்டாபேஸில் கேட்டு வந்துகூட மாற்றும். ஒரே ஒரு வரையறைதான்.

கூடவே இன்னொரு லாபம். லென்ஸ் வெறும் ஃபங்ஷன் என்பதால் இரண்டைச் சேர்க்கத் தனிக் குறி வேண்டாம், ஃபங்ஷன்களைச் சேர்க்கும் புள்ளியே போதும். வாடிக்கையாளர், புள்ளி, முகவரி, புள்ளி, பின்கோடு. இடமிருந்து வலம், ஒவ்வொரு பெயரும் ஒரே முறை. தம்பி கேட்ட புள்ளி மொழியைத் தொடாமலேயே வந்துவிட்டது.

2012-இல் எட்வர்ட் க்மெட் இதை ஒரு பெரிய லைப்ரரி ஆக்கினார். பல வகைகளில் ஒன்றாக இருக்கும் டைப்புக்குப் பிரிஸம், பல இடங்களை ஒரே வீச்சில் தொட டிராவர்ஸல் என்று ஒரு குடும்பமே வந்தது. குடும்பத்துக்கு ஆப்டிக்ஸ் என்று பெயர். எடுக்க ^. என்ற குறி, வைக்க .~ என்ற குறி, மாற்ற %~ என்ற குறி. அப்படி நூற்றுக்கு மேல் உண்டு. பாதிக்கு மேல் நான் தொட்டதே இல்லை, தொடும் உத்தேசமும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் லென்ஸை யார் எழுதுவது? கம்பைல் நேரத்தில் கோடு எழுதித் தரும் டெம்ப்ளேட் ஹாஸ்கல் எழுதியது. ஃபீல்டின் முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு, டைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால், கம்பைல் ஆகும்போது அடிக்கோடு நீங்கிய பெயரில் லென்ஸ் முளைக்கும். வேலை நடந்தது. ஆனால் அந்த வரி ஃபைலை இரண்டாக வெட்டிவிடும். அதற்கு மேலே இருப்பவற்றுக்குக் கீழே இருப்பவை தெரியாது. நீளப் பெயர் வழக்கமும் போகவில்லை, கூட ஓர் அடிக்கோடும் சேர்ந்துகொண்டது.

இதற்கு மாற்றுவழியின் அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. ஒரு டைப்பின் அமைப்பையே பொதுவான வடிவில் கம்பைலரிடம் கேட்டு வாங்கும் ஜெனரிக்ஸ், 2011-இல் ஜிஹெச்சி 7.2 பதிப்பில் சேர்ந்தது. ஃபீல்டுகளை இரண்டிரண்டாகக் கிளை பிரித்த மரமாக அது தரும். திருப்பம் 2016-இல் வந்த 8.0 பதிப்பு. அந்த மரத்தில் ஃபீல்டின் பெயர் டைப் மட்டத்திலேயே எழுத்துச் சரமாகக் கிடைத்தது. டைப்பை @ குறி போட்டு நேரடியாகக் கொடுக்கவும், சொந்தப் பிழைச்செய்தி எழுதவும் முடிந்தது. ஒரே மாட்யூலில் ஒரே ஃபீல்டு பெயரை இரண்டு டைப்புக்கு வைக்கவும் அனுமதி கிடைத்தது. நான்கும் ஒரே வெளியீட்டில்.

2017-இல் சோங்கோர் கிஷ் எழுதிய ஜெனரிக் லென்ஸ் லைப்ரரி இவற்றின் மேல்தான் நிற்கிறது. டைப்பின் கீழே ‘ஜெனரிக்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஃபீல்டு, @, மேற்கோளுக்குள் பெயர் என்று எழுதினால் லென்ஸ் கைக்கு வரும். பெயர் இடது கிளையில் இருக்கிறதா, வலது கிளையில் இருக்கிறதா என்று கம்பைலர் ஒவ்வொரு கிளையாகக் கேட்டுப் பாதை போடும். எங்கும் இல்லை என்றால் இந்த டைப்பில் இப்படி ஒரு ஃபீல்டு இல்லை என்று மனிதர் படிக்கும் வாக்கியத்தில் சொல்லும். பெயர் வேண்டாம், டைப்பைச் சொன்னாலும் எடுத்துத் தரும். ஆனால் ரெக்கார்டில் அந்த டைப் உள்ள ஃபீல்டு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வாடிக்கையாளரும் பொருளும் ஒரே ‘பெயர்’ஐப் பகிர்ந்துகொண்டார்கள், முன்னொட்டு வழக்கம் செத்தது.

இத்தனை சுற்றும் ஓடும்போது மெதுவாகாதா? இதற்கு அந்த லைப்ரரியின் சோதனைகளிலேயே பதில் இருக்கிறது. கையால் எழுதிய லென்ஸும் ஜெனரிக் லென்ஸும் ஜிஹெச்சியின் உள்மொழியில் ஒன்றாகவே முடிகின்றனவா என்று யோவாகிம் பிரைட்னரின் இன்ஸ்பெக்ஷன் டெஸ்டிங் கருவி சரிபார்க்கிறது. ஆப்டிமைசேஷன் போட்டிருந்தால் மரம் முழுவதும் கரைந்துபோகும். செலவெல்லாம் கம்பைல் நேரத்தில்தான். பெரிய டைப்புகள் நிறைந்த புராஜெக்டில் அதை நன்றாகவே உணரலாம், அது எனக்குச் சம்மதம்.

2021-இல் வந்த ஜிஹெச்சி 9.2, ஆர்டருக்குப் பின் புள்ளி வைத்து ஃபீல்டை எடுக்க மொழிக்குள்ளேயே வழி செய்தது. எடுக்க மட்டும்தான், அடுக்குக்குள் போய் மாற்றும் பாதி இன்னும் சோதனை நிலையிலேயே நிற்கிறது. ஆகவே ஹாஸ்கலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: எடுப்பதற்குப் புள்ளியே போதும், ஆழத்தில் மாற்றுவதற்கு ஜெனரிக் லென்ஸைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் உங்கள் டைப் ஒன்றுக்கு வான் லார்ஹோவன் லென்ஸைக் கையால் எழுதிப் பாருங்கள். எந்த லைப்ரரியும் வேண்டாம், இரண்டு மூன்று வரிதான்.