யார் எழுதிய விதி?

1896ஆம் ஆண்டு. இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலிலே மோட்டார் வண்டியொன்று மோதிப் பெண்ணொருத்தி மாண்டாள். விசாரித்தோர் தந்த தீர்ப்பு, 'தற்செயலான சாவு!' நம் நாட்டார் அதனையே தலைவிதி என்பர். சொல் இரண்டு; பொருள் ஒன்று: பொறுப்பாளி எவருமிலர்! அன்று ஒருத்தி. 2021ஆம் ஆண்டிலோ உலகச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இதுவும் தற்செயலா?

அல்லவென்று காட்டியது அறிவு. 1959ல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் பொலின், தோளையும் இடுப்பையும் மூன்று முனைகளில் பிணைக்கும் இருக்கைப் பட்டையை அமைத்தார். பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ இசைந்தது. மந்திரமில்லை, தாயத்தில்லை, நெய்த பட்டை ஒன்று உயிர் காத்தது! 1965ல் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ப் நேடர், வண்டியின் அமைப்பே ஆளைக் கொல்கிறதென நூல் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவர்மீது துப்பறிவோரை ஏவிற்று. விளைவு? 1966ல் அந்நிறுவனத் தலைவரே செனட் குழுவின்முன் மன்னிப்புக் கேட்டார்; அவ்வாண்டே வண்டிப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது.

தலைச்சுழி பேசும் உலகிலே, 1997ல் சாலைச் சாவுக்கே சுழி போடத் துணிந்தது சுவீடன் நாடாளுமன்றம். தன் புதிய வண்டிகளில் 2020க்குப் பின் எவரும் சாகக்கூடாது என வால்வோவும் இலக்கு வைத்தது. கூகுள் 2009ல் தானோட்டி வண்டிச் சோதனையைத் தொடங்கியது. பொறிக்குக் குடியில்லை, உறக்கமில்லை, சினமில்லை. நல்ல முயற்சி, நாம் வரவேற்கிறோம்.

ஆனால், 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்ததென்ன? ஊபர் நிறுவனம் சோதித்த தானோட்டி வண்டி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணியைக் கொன்றது. 5.6 நொடிக்கு முன்பே பொறி அவரைக் கண்டது. வண்டி என்றது, வேறு பொருள் என்றது, மிதிவண்டி என்றது. மனிதர் என்று மட்டும் கூறவில்லை! நடைபாதைக் கோட்டுக்கு அப்பாலும் மனிதர் கடப்பர் என்பதை அதற்குக் கற்பித்தாரில்லை. வால்வோ பொருத்திய அவசரத் தடையையும் ஊபர் முடக்கியிருந்தது. தண்டனை யாருக்கு? கைப்பேசியில் கண்வைத்திருந்த ஓட்டுநருக்கு, 2023ல். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குக்கு அடிப்படையே இல்லை என்று 2019லேயே கூறிவிட்டார் அரசு வழக்கறிஞர்!

தொழில்நுட்பம் மட்டும் சுழியைத் தொடாது என வால்வோவே 2019ல் ஒப்பி, தன் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 180 கிலோமீட்டருக்குள் அடக்க முடிவு செய்தது. நேர்மையான ஒப்புதல்!

பொறி நமக்குப் பகையன்று. 'பொறி செய்த பிழை' என்பதே புதிய தலையெழுத்தாகிவிடக் கூடாது என்கிறோம். தமிழிலே விதிக்குப் பொருள் இரண்டு. ஊழும் விதி, சட்டமும் விதி. முன்னதை எழுதியவர் எவருமிலர். பின்னதை எழுத வேண்டியவர்கள் நாம். எழுதுவோம், பொறுப்பாளியின் பெயரையும் சேர்த்தே!