தெலோம் ஆற்று நாயும் தேயிலைத் தோட்டத்து நாயும்: தொழிலும் இனப்பெயரும் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய மண்ணுக்குரிய நாயினங்களுள் உலக ஆய்வுநூல்களில் தனிப்பெயர் பெற்ற ஒன்று ‘தெலோமியன்’ எனப்படுவதாகும். அப்பெயர் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தோன்றிப் பாயும் தெலோம் ஆற்றிலிருந்து பிறந்தது. அதே ஆற்றின் மேற்படுகையில், கம்போங் ராஜா, புளூ வேலி ஆகிய பகுதிகளில், தமிழ்த் தொழிலாளர் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்து வாழ்ந்தனர். அவர்தம் லயங்களிலும் நாய்கள் இருந்தன. ஆயினும் அவற்றுக்கு எந்நூலிலும் பெயரில்லை. ஒரே மலையில் வாழ்ந்த இருவகை நாய்களுள் ஒன்று இனமாகவும் மற்றொன்று வெறும் நாயாகவும் கருதப்பட்டது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் மரபில் தொழில் நாய்கள்

தமிழ் இலக்கியத்தில் நாய்க்கு ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் குறிஞ்சி நிலத்து வேட்டுவனோடு இயைந்தே வருகிறது. எனினும் தமிழகத்தில் தொழில் செய்த ஒரு நாய்க்குக் கிடைத்த மிகத் தெளிவான வரலாற்றுச் சான்று கல்லிலேயே உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அஃதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனது நாயையும் அக்கல் நினைவுகூர்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். அது எவ்வினத்தைச் சேர்ந்தது என்று கல் கூறவில்லை. அது செய்த பணியையே கூறுகிறது. பழந்தமிழர் நாயைப் பணியால் மதித்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்று தமிழகத்து நாட்டு நாயினங்களாக அறியப்படுவனவும் பணியால் உருவானவையே. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கோம்பை நாய், செம்பழுப்பு உடலும் கருத்த முகவாயும் உடையது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் நாய், காவல் காத்ததோடு பன்றி வேட்டையிலும் ஈடுபட்டது. ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடைய சிப்பிப்பாறை நாய், தென்மாவட்டத்துக் கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பது. கருமை நிறம் மிகுந்த கன்னி நாயும் அத்தொழிலுக்கே உரியது. அதனை மணமகளுக்குச் சீதனமாக அளிக்கும் வழக்கம் இருந்தது என்பர். வெளியில் ஓடுவதற்கு மெலிந்த உடல், புதரில் பன்றியை மடக்குவதற்குத் திரண்ட மார்பு எனத் தொழிலே உடலை வகுத்தது.

இவற்றுள் மூன்றன் பெயர்கள் ஊர்ப்பெயர்களாக இருப்பது கருதத்தக்கது. ஓர் ஊரில் நிலமும் செல்வாக்கும் உடைய குடும்பங்கள் தலைமுறைதோறும் தெரிந்து இணைசேர்த்தமையால் ஊரின் பெயர் நாய்க்கு நிலைத்தது. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளுள் ஒன்று இராசபாளையத்துக்குரியது. சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் வெளியிட்ட இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூலும் இவ்வினங்களின்பால் கவனத்தை ஈர்த்தது. ஆனால் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். சமீன்களிலும் நிலக்கிழார் வீடுகளிலும் பேணப்பட்ட நாய்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு மிகக் குறைவே. அவர்கள் அறிந்தது தெருவையும் களத்தையும் காத்த நாட்டு நாயை.

மலைக்கு வந்த தேயிலையும் லயத்து நாயும்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டறிந்து குறித்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டது; 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் வந்த தமிழர்கள் காட்டை அழித்துக் கன்று நட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

தேயிலை, காவல் நாயை வேண்டும் பயிரன்று. ஆடுமாடுகள் அதன் இலையை விரும்பி மேய்வதில்லை. காவல் வேண்டப்பட்டது லயத்தில்தான். குறைந்த கூலியை ஈடுசெய்யத் தொழிலாளர் வீட்டையொட்டிக் காய்கறி பயிரிட்டனர். மாடும் கோழியும் வளர்த்தனர். காட்டோரத்துப் பயிரைப் பன்றியிடமிருந்தும், கோழியைக் காட்டுப்பூனையிடமிருந்தும் பாம்பிடமிருந்தும் காக்க வேண்டியிருந்தது. ஆகவே தோட்டத்துத் தமிழரின் நாய் துரைமாரின் பயிரைக் காக்கவில்லை. கூலிக்கு அப்பால் தமக்கென்று அவர்கள் உண்டாக்கிக்கொண்ட சிறு உடைமையையே காத்தது. அந்நாயின் சமூகப் பொருள் இதிலேயே அடங்கியுள்ளது.

துரையின் பங்களாவிலும் நாய்கள் இருந்தன. அவை வேறொரு மரபைச் சேர்ந்தவை. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றிய பின்னர், தாய் தந்தையர் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்ட நாயே ‘சாதி நாய்’ எனக் கொள்ளப்பட்டது. பணியால் அறியப்பட்ட நாய் பதிவால் அறியப்படலாயிற்று. தமிழர் இல்லங்களில் ஜிம்மி, டைகர், டாமி எனும் பெயர்கள் இன்றளவும் நாய்களுக்கு வழங்குவது அவ்வெள்ளையர் காலத்தின் எச்சமாகும். கோவிவனின் வழியினர் டாமியானது காலனிய வரலாற்றின் ஒரு சிறு பக்கம் எனலாம்.

தெலோம் ஆற்றங்கரையில்

தேயிலைக் காடுகளுக்கு அப்பால் செமாய்ப் பூர்வகுடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மூங்கிலால் அமைந்த அவர்களது வீடுகள் தூண்களின்மீது உயர்ந்து நின்றன. அங்கு வளர்ந்த நாய் ஏணியேறி வீட்டுக்குள் செல்லப் பழகியது. எலியையும் பாம்பையும் அகற்றுவது, வேட்டையில் துணைநிற்பது ஆகியன அதன் பணிகள். மனிதர் உண்ட மரவள்ளியும் மீனும் பழமுமே அதற்கும் உணவு. சிற்றுருவமும், முன்னங்கால்களைக் கைபோல் பயன்படுத்தும் திறனும் அதற்குரிய இயல்புகள்.

அவசரகாலத்தில் (1948-1960) இக்காடுகளில் பிரிட்டிஷ் படையினர் தடம் காணும் பணிக்கு லேப்ரடோர் நாய்களைப் பயன்படுத்தினர். காட்டை நன்கறிந்த உள்ளூர் நாய் அப்போது யார் கவனத்திலும் இல்லை. 1963இல் மானிடவியலாளர் ஆர்வில் எலியட் தெலோம் ஆற்றோரத்து நாய்களுள் ஓர் இணையை அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பரில் இருந்த ஆய்வறிஞர் ஜே.பி. ஸ்காட்டுக்கு அனுப்பினார். அங்கேதான் அது ‘தெலோமியன்’ ஆயிற்று. 1970களில் இவ்வினத்தைப் பீகிள் இனத்தோடு கலந்து பிறந்த நாய்கள், குழந்தைகளின் மிகைத்துடிப்புக் குறைபாட்டை விளங்கிக்கொள்ளும் மருந்தாய்வுகளுக்கு உட்படுத்தப்பட்டன. ஏணியேறி எலி பிடித்த நாயின் வழித்தோன்றல்கள் ஆய்வுக்கூடக் கூண்டில் புதியதொரு தொழிலைப் பெற்றன.

பெயர் கிடைத்தது; எனினும் அப்பெயரை இட்டவர்கள் அந்நாயை உருவாக்கியவர்கள் அல்லர். தலைமுறைகளாக அதனை வளர்த்துப் பழக்கிய செமாய் மக்களுள் எவரது பெயரும் நாயின வரலாற்றில் இடம்பெறவில்லை. 1960களில் நீர்மின் திட்டத்துக்காகத் தெலோம் ஆற்று நீரே சுரங்கவழி பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டது. ஆற்றின் போக்கு மாறியபோதும் அதன் பெயர் கடல்கடந்து ஒரு நாயின்மேல் நிலைத்தது.

ஒப்புநோக்கு

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. நாயைத் தொழிலே உருவாக்குகிறது; ஆனால் இனம் என்னும் தகுதியை ஏடும் எழுத்தும் உடையோரே வழங்குகின்றனர். இராசபாளையத்துக்கு நிலக்கிழார்களும், பங்களா நாய்க்குப் பதிவேடும், தெலோம் நாய்க்கு அயல்நாட்டு ஆய்வாளரும் வாய்த்தனர். லயத்து நாய்க்கு எவரும் வாய்த்திலர். அதனை வளர்த்த மக்களின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே சம்பளப் பட்டியலில் எண்ணாக நின்றுவிட்டது என்பதை நாம் மறத்தற்கில்லை.

தொழில் மறையின் இனமும் மறையும் என்பது இதனோடு இணைந்த மற்றோர் உண்மை. முயல் வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டபின் சிப்பிப்பாறைக்கு ஓடுகளம் இல்லை. வீடுகள் பலகையாலும் சிமிட்டியாலும் தரையில் எழும்போது ஏணியேறும் நாய்க்கு ஏணியில்லை. லயங்கள் காலியாகும்போது அவற்றைக் காத்த நாய்க்கும் வேலையில்லை.

முடிவுரை

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சியுள்ள முதியோரும் அருகி வருகின்றனர். லயத்தில் எத்தகைய நாய்களை வளர்த்தனர், எவற்றிலிருந்து எவற்றைக் காத்தனர், செமாய் மக்களோடு நாய்க்குட்டிகளைக் கொண்டும் கொடுத்தும் பழகினரா என்பனவற்றை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். தோட்டப்புற வரலாற்றைத் தொகுக்க முனையும் நம் மாணவர்கள் கூலி, குடியிருப்பு, கோவில், பள்ளி ஆகியவற்றோடு இதனையும் தம் வினாநிரலில் சேர்த்துக்கொள்வார்களாக. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எருமை மேய்த்த ஊரொன்று தன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது. லயத்து நாயின் பெயரைத் தாளிலேனும் எழுதி வைப்பது நம் கடனாகும்.