யார் யாருக்குப் பாடம் எடுப்பது?

1

ஒரு மருத்துவர் ஐந்தாண்டுக்குள் முப்பது மணி நேரமாவது 'தொடர் கல்வி' பெற்றிருக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஒழுக்க விதிகள். மனநல மருத்துவருக்கும் இதே கணக்குத்தான். மருத்துவ உளவியலாளர் மறுவாழ்வுக் கவுன்சிலில் தன் பதிவைப் புதுப்பிக்கப் புள்ளி சேர்த்தாக வேண்டும். சமூகப்பணியாளருக்கோ 2021இல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வரும்வரை நாடு தழுவிய சட்டபூர்வமான மன்றமே கிடையாது. ஒரு ஓட்டல் அரங்கம், இரண்டு விரிவுரை, மதியச் சாப்பாடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, சான்றிதழ். மணி ஏறிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது. அறிவு என்பது கூடிக்கொண்டே போகும் சரக்கு. தெரியாததைத் தெரிந்துகொண்டால் போதும். சரி, கல்லூரியில் படித்ததே தவறாக இருந்தால்? அந்தத் தவறை வைத்துக்கொண்டு இருபது வருஷம் வைத்தியமும் பார்த்தாயிற்று என்றால்? அதை எந்த மணிக்கணக்கில் எழுதுவது? தன்பாலீர்ப்பு 'நோய்' ஆக்கப்பட்டு, பிறகு நோயல்ல என்றான வரலாறு இந்தக் கேள்வியை நம் முன் போடுகிறது.

2

1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட முதல் நோய்க் கையேட்டில் தன்பாலீர்ப்பு ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. 1957இல் ஈவ்லின் ஹூக்கர் என்னும் உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்புள்ள முப்பது ஆண்கள், எதிர்பாலீர்ப்புள்ள முப்பது ஆண்கள். இவர்களின் உளவியல் சோதனை முடிவுகளைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்த வகை என்று நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த ஆய்வை ஹூக்கருக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அவரிடம் படித்து, பின் நண்பராகிவிட்ட ஓர் ஆண், 'எங்களைப் பற்றி ஆராயுங்கள்' என்று விடாமல் வற்புறுத்தியதன் விளைவு அது.

ஆய்வு வந்தும் கையேடு அசையவில்லை. 1968இன் இரண்டாம் பதிப்பிலும் நோய் நோயாகவே தொடர்ந்தது. 1971இல் வாஷிங்டனில் நடந்த சங்க மாநாட்டில் போராளிகள் உள்ளே புகுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு டல்லாஸ் மாநாட்டில் முகமூடியும் பொய்முடியும் தரித்து, குரலை மாற்றும் ஒலிவாங்கியில் ஒருவர் பேசினார். தானும் மனநல மருத்துவர், தானும் தன்பாலீர்ப்புள்ளவர் என்றார். அவர் ஜான் ஃப்ரையர். நிபுணர்களின் சபையிலேயே ஒரு நிபுணர் முகமூடி போட்டுத்தான் உண்மை பேச முடிந்தது.

1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு அந்த நோயை நீக்கியது. எதிர்த்தவர்கள் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்க வேண்டும் என்றார்கள். 1974இல் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். 'ஓட்டுப் போட்டா நோயைத் தீர்மானிப்பது?' என்று இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு. அப்படியானால் 1952இல் அதை நோயாக்கிய குழுவினரிடம் எந்தச் சோதனைக்கூட ஆதாரம் இருந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. சேர்க்கும்போது அது அறிவியல். நீக்கும்போது மட்டும் அரசியல்!

உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்தது 1990 மே 17. அப்போதும், தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல் வருந்துபவர் என்றொரு வகையை மிச்சம் வைத்துக்கொண்டது. ஊரே காறித் துப்பினால் யாருக்குத்தான் தன்னைப் பிடிக்கும்? அந்த மிச்சமும் போனது 2019இல் ஏற்கப்பட்ட பதினோராம் பதிப்பில்தான்.

3

இந்தியாவில் 1980களில் தன்பாலீர்ப்புக்கான 'சிகிச்சை' முடிவுகள் மனநல ஆய்விதழ்களிலேயே வெளியாயின. 2001இல் ஒருவருக்கு இவ்வாறு அளிக்கப்பட்ட சிகிச்சையை எதிர்த்த முறையீடு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. 377ஆம் பிரிவு இருக்கிறது என்று காரணம் காட்டி ஆணையம் விசாரிக்க மறுத்துவிட்டது. குற்றம் என்றது சட்டம், நோய் என்றது மருத்துவம். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்து உறவு கொள்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து விடுவித்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அந்த ஆண்டு தெளிவாகப் பேசியது. ஏட்டில் எல்லாம் மாறிவிட்டது.

ஆனால் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது ஏட்டுக்கு அல்ல, ஆலோசனை அறைக்கு. 'பொண்ணு இப்படிப் பேசுறா, எப்படியாவது மாத்திக் கொடுங்க சார்.' அந்த அறையில் இருக்கும் சமூகப்பணியாளர் கற்றுக்கொண்டது குடும்பத்தைச் சேர்த்து வைப்பதை. வீட்டைவிட்டு வந்தவரைத் திரும்ப வீட்டில் ஒப்படைத்தால் அது 'வெற்றி' என்று கோப்பில் ஏறும். வீடே வதைக்கூடமாக இருப்பவர்களைப் பற்றி அந்தக் கோப்பில் நிரப்ப ஒரு கட்டம்கூடக் கிடையாது.

4

2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் குடும்பத்தின் எதிர்ப்புக்குத் தப்பிச் சென்னை வந்து, காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். பெண்களுக்குத் தங்கள் உறவைப் பற்றிக் குழப்பம் ஏதுமில்லை, பெற்றோருக்குத்தான் ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயம் என்று அறிக்கை வந்தது.

அடுத்து அவர் செய்தது நம் நிறுவனங்களில் வழக்கமில்லாதது. இந்த விஷயத்தில் தனக்கும் போதிய அறிவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்கப் போனார். இந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களையும் சந்தித்தார். ஜூன் 7 தீர்ப்பில், காவலர், நீதித்துறையினர், மனநலத் தொழிலாளர், ஆசிரியர் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்றார். மாற்று 'சிகிச்சை'யைத் தடை செய்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அச்சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே மாதம் தமிழக அரசு, இச்சமூகத்தவரைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொற்களைத் தந்ததில் இச்சமூகத்தவருக்குப் பங்குண்டு.

இதோடு சுபம் போட்டுவிடலாமா? 2024 ஆகஸ்ட் 31 அன்று அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தடய மருத்துவப் பகுதியில், பெண்-பெண் உறவு மறுபடியும் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று தலைகாட்டியது. எதிர்ப்புக் கிளம்பி, செப்டம்பர் 5ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். ஐந்தே நாள்தான். ஆனால் ஒன்று புரிகிறது: பழைய பாடம் அழிக்கப்படவில்லை, பீரோவில்தான் பூட்டப்பட்டிருந்தது.

5

ஹூக்கரின் நண்பர், ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள், முகமூடி மருத்துவர், மதுரைப் பெண்கள். இந்தத் தொழில் தன் பிழையைத் தானாக உணர்ந்து திருந்தவில்லை. அது யாரை நோயாளி என்றதோ அவர்கள்தாம் அதற்குப் பாடம் எடுத்தார்கள். சம்பளமில்லாமல், அடி வாங்கிக்கொண்டு.

ஆகவே தொடர் கல்வியைப் பற்றிப் பேசும்போது எத்தனை மணி என்பதோடு, மேடையில் இருப்பது யார், பாடத்திட்டத்தில் கைவைக்க யாருக்கு உரிமை, அவர்களுக்கு ஊதியம் உண்டா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: தான் முன்பு 'குணப்படுத்திய' ஒருவரின் பெயரையாவது நினைவுகூர்ந்து, அவருக்குத் தான் என்ன செய்தோம் என்று சக தொழிலாளர் முன் சொல்லும் ஒரு மணி நேரம். முப்பதில் அந்த ஒரு மணிக்கு இன்னும் இடமில்லை.